நெயில் பாலிஷ் போட்ட இன்ஜின்

லிஃப்ட் பழுது பார்ப்பவருக்குக் காது ரொம்பக் கூர்மை. கீழ்த்தளத்தில் நின்றபடியே, உச்சியில் இருக்கும் மோட்டாரில் எந்தப் பேரிங் முனகுகிறது என்று சொல்லிவிடுவார். வீட்டில் பெண்டாட்டி பேசினால் மட்டும் அந்தக் காது வேலை செய்யாது. எதைக் கேட்டாலும் "ம்" ஒன்றுதான் பதில். அந்த "ம்"மோடு இருபது வருஷம் குப்பை கொட்டியவள், நாலு வருஷத்துக்கு முன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பாவி மனுஷன், வாசலில் நின்று அவள் "போறேன்" என்றதற்கும் "ம்" என்றுதான் சொன்னார்.

அதற்கப்புறம் அவருக்குத் துணை, இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஞாயிற்றுக்கிழமை ஒரு சுற்று போய் வருவார். பக்கத்து சீட்டை மட்டும் நகர்த்தவே மாட்டார். அவள் கால் நீட்டி உட்கார்ந்த அளவிலேயே இருக்கும். அந்தக் காரின் இன்ஜினில்தான் போன மாதம் டக்கு டக்கென்று ஒரு தட்டல் ஆரம்பித்தது.

ஒர்க்‌ஷாப்காரர் இரண்டு வழி சொன்னார். வேறு இன்ஜின் மாற்றினால் ஒரு வாரத்தில் வண்டி ரோட்டுக்கு வந்துவிடும். இதையே பிரித்துச் செய்தால் நாலு மாதம் ஆகும். ஆனால் வண்டியோடு பிறந்த இன்ஜின், பிரித்துச் செய்வதுதான் அதற்கு மரியாதை என்பது அவர் கட்சி.

லிஃப்ட்காரர் ஒரே பிடியாக மாற்றச் சொன்னார். பழைய இன்ஜினை ஒரு போல்ட்கூடக் கழற்றாமல் அப்படியே வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றார். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை. எட்டு வருஷத்துக்கு முன், வீட்டுக் கார் ஷெட்டில் அந்த இன்ஜினை இவரும் அவளுமாகத்தான் பிரித்துக் கட்டினார்கள். இவர் போல்ட்டை இறுக்குவார். "டைட் பண்ணிட்டீங்களா?" என்று அவள் கேட்பாள். இவர் பதில் சொன்னதும், போல்ட்டின் தலையிலிருந்து அது பதிந்திருக்கும் இரும்பு வரை தன் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுப்பாள். லிஃப்ட் வேலையில் எல்லா போல்ட்டுக்கும் அப்படித்தான் கோடு போடுவார்கள். போல்ட் கழன்றால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். அவள் கைபட்டது என்று இவரிடம் மிஞ்சியது அந்தக் கோடுகள்தான். ஸ்பேனர் வைத்தால் அதுவும் போச்சு.

இன்ஜினின் அடித்தட்டையாவது திறந்து பார்க்கலாமே என்று ஒர்க்‌ஷாப்காரர் விடாமல் சொல்ல, அரை மனதோடு தலையாட்டினார். திறந்தார்கள். கோடுகள் மங்கியிருந்தாலும் வரிசையாக இருந்தன. லிஃப்ட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணே, இத பாருங்க" என்று ஒர்க்‌ஷாப்காரர் டார்ச் அடித்தார்.

ஒரே ஒரு போல்ட்டில் மட்டும் கோடு விலகி நின்றது. தட்டல் அங்கிருந்துதான்.

லிஃப்ட்காரருக்கு ஷெட்டில் கட்டிய அந்த நாள் ஞாபகம் வந்தது. அந்த போல்ட்டைப் பாதி இறுக்கும்போது, எங்கோ லிஃப்ட் நின்றுவிட்டதென்று போன் வந்தது. காதில் போன், கையில் ஸ்பேனர். அவள் வழக்கம்போல் கேட்டாள். இவர் வழக்கம்போல் "ம்" என்றார்.

வெளியே வந்து அவளுக்குப் போன் செய்தார், நாலு வருஷத்தில் முதல் தடவையாக.

"அன்னிக்கு ஒரு போல்ட்டை நான் முழுசா டைட் பண்ணல. உன்கிட்ட ம்னு சொல்லிட்டேன்."



"தெரியும்" என்றாள் அவள். "கோடு போடும்போதே சந்தேகமாத்தான் இருந்துச்சு. இன்னொரு தடவ கேட்டா எரிஞ்சு விழுவீங்கன்னு விட்டுட்டேன்."

வந்துவிடேன் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது? இன்ஜினைப் பிரித்துச் செய்யப்போவதாக மட்டும் சொன்னார். நல்லபடியாகச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் போல்ட்டுகளில் ஸ்பேனரை வைத்துக் கழற்றி, கோடுகளை ஒவ்வொன்றாக அவரே உடைத்தார். நாலு மாதம் கழித்துத் திரும்பக் கட்டும்போது, பக்கத்தில் நின்று கேட்க ஆள் இல்லை. "டைட் பண்ணிட்டீங்களா?" என்று ஒவ்வொரு போல்ட்டுக்கும் தானே கேட்டுக்கொண்டார். ஸ்பேனரை இன்னொரு தடவை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, "பண்ணிட்டேம்மா" என்று வாய்விட்டுப் பதில் சொன்னார்.