சூளை மேல் காய்ந்த இலுப்பைப் பருப்பு

கடையில் வாங்கும் இலுப்பை எண்ணெயில் இலுப்பை வாசனையே இல்லை. அந்த எரிச்சலில்தான் ஆடி முதல் வெள்ளிக்கு இரண்டு நாள் முன்பு விருத்தாசலம் கிளம்பினேன். எழும்பூரிலிருந்து ரயிலில் நான்கு மணி நேரம். ஜங்ஷனிலிருந்து இருளர் குடியிருப்புக்கு ஆட்டோ 150 ரூபாய். ஓட்டுநர் முதலில் கேட்டது 250, நானும் விடவில்லை.

அங்கே கன்னியம்மன் கோயிலை ஒட்டிய இலுப்பை மரத்தடியில் அஞ்சலை என்ற பெண் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தார். கிளையை உலுக்க மாட்டார்களாம். வௌவால் பழத்தைத் தின்றுவிட்டுப் போடும் கொட்டை மட்டும்தான் இவர்களுக்கு.

"அது தின்னது போவத்தானுங்க நமக்கு" என்றார்.

மூன்று நாளாக மழை. உடைத்த பருப்பு வீட்டுக்குள் ஈரமாகவே கிடந்தது. பூசணம் பிடித்தால் எண்ணெய் கெட்டுவிடும். வெள்ளிக்கிழமை கன்னியம்மனுக்குப் புது எண்ணெயில் விளக்கேற்ற வேண்டும்.

"போன வருசமும் மழைங்க. கடை எண்ணெயத்தான் ஊத்துனோம். அம்மா மூஞ்சியப் பாக்கவே கூச்சமா இருந்துச்சு. இந்த வருசம் வுடமாட்டேன்."

நான் வந்த ஆட்டோவிலேயே மூட்டையை ஏற்றினார். அவர் கணவர் வேலை செய்யும் பீங்கான் சூளைக்குப் போனோம். மேஸ்திரி மறித்தார்.

"இது பீங்கான் சுடற எடம். கொட்ட காயவெக்க வேற எடம் பாரும்மா."

"நெருப்பு அணைஞ்ச சூளைதானுங்களே. சூடு சும்மாத்தானே போவுது?"

சொல்லிவிட்டு மழையிலேயே நின்றார். மேஸ்திரிதான் கடைசியில் இறங்கி வந்தார். "சரி, மேல பரப்பிக்க. காலையில எடுத்துடணும்."

மறுநாள் மொறமொறவென்று காய்ந்த பருப்பை உரலில் இடித்து, ஆவியில் வேகவைத்து, கோணியில் கட்டி, இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்தார்கள். அஞ்சலை என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நல்ல கனமா இருக்கீங்கக்கா. ஏறி உக்காருங்க."

கோபம்தான் வந்தது. ஆனாலும் ஏறி உட்கார்ந்தேன். மஞ்சளாக, கொழகொழவென்று எண்ணெய் இறங்கியது. நான் தேடி வந்த வாசனை அதுதான்!

போக நினைப்பவர்கள் ஆனி, ஆடியில் போங்கள். சேற்றுக்கு ரப்பர் செருப்பு போதும், தங்குவதற்கு ஜங்ஷன் பக்கம் லாட்ஜ் உண்டு. அம்மனுக்கு விளக்கேற்றும் முன்பு எண்ணெய் கேட்காதீர்கள், ஒரு சொட்டும் தரமாட்டார்கள். எனக்கே தரவில்லை.

வெள்ளி மாலை தூறலில், முந்தானையால் மறைத்தபடி அஞ்சலை விளக்கேற்றினார். சுடர் நின்றதும் தலையை நிமிர்த்தி அம்மன் முகத்தை நேராகப் பார்த்தார்.

"உம் மரத்து எண்ணெதான். நல்லாப் பாத்துக்க."