சிவசைலம் பிள்ளையின் சீமை டார்ச்சு

தென்காசியில் சிவசைலம் பிள்ளையைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய டார்ச்சைத் தெரியாதவர்கள் கிடையாது. கொழும்பிலிருந்து சரக்குக் கொண்டுவரும் அகமது கபீர் ராவுத்தரிடம் சொல்லிவைத்து, யானை விலை கொடுத்து வாங்கிய சீமைச் சரக்கு அது. முழங்கை நீளம், வெள்ளிப் பளபளப்பு. மற்றவர்கள் அரிக்கேன் விளக்கோடு வயலுக்குப் போன காலத்தில், பிள்ளை பட்டப்பகலிலும் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைவீதிக்குப் போவார்.

ஒரே குறை, சுவிட்சு. தள்ளினால் எரியாது. வெறுத்துப்போய்க் கீழே வைத்தால் தானாக எரியும். எரிந்தால் லேசில் அணையாது. இதே சரக்கை வாங்கிய வேறு யாருக்கும் இந்த வம்பு இல்லையே என்று கபீர் ராவுத்தர் தலையைச் சொறிந்தார். பிள்ளை குற்றாலச் சாரலைத் திட்டினார், கப்பலைத் திட்டினார், கடைசியில் வெள்ளைக்காரனையே திட்டினார்.

உண்மையான காரணம் வெள்ளிக்கிழமை. வெள்ளி தவறாமல் அவர் வீட்டில் நிலைப்படி, இரும்புப்பெட்டி, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டும் குங்குமமும் உண்டு. டார்ச்சுக்கு மட்டும் விட்டுவிட முடியுமா? கண்ணாடியில் வைத்தால் வெளிச்சம் மறையும். அடியில் வைத்தால் மரியாதைக் குறைவு. ஆகவே சுவிட்சின்மேல் வைத்தார். ஒவ்வொரு வாரமும் குழைத்த சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்து, உள்ளே சுவர் எழுப்பிக்கொண்டிருந்தது.

"அதுக்குள்ள போயி அப்புதியளே, வேற எடமா இல்ல?" என்று கேட்டாள் அவர் மனைவி சொக்கம்மாள்.

"ஏட்டி, அதுக்கு நெத்தி அதுதான். ஒனக்கு என்ன தெரியும்?"

டார்ச்சு கெட்டுவிட்டது என்று மட்டும் அவர் ஒருவரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. இருட்டில் தட்டுத்தடுமாறி வருவார். ஏன் அண்ணாச்சி, லைட்டு என்னாச்சு என்று கேட்டால், "நெலா வெளிச்சம் இருக்குல்லா, வீணா எதுக்கு?" என்பார். அமாவாசையன்றும் அதே பதில்தான்.

முப்பத்தெட்டாம் வருஷம் என்று நினைவு. அவருடைய ஊர்க் கிராம முன்சீப் வாரிசில்லாமல் போய்ச் சேர்ந்தார். பிள்ளைக்கு அந்த வேலைமேல் உயிர். நிலம் இருந்தது, படிப்பு இருந்தது, சிபாரிசுதான் இல்லை. பிள்ளைக்குப் போட்டியாக மனுப்போட்ட மூன்று பேருக்கும் அது தாராளமாக இருந்தது. இந்த வேலையும் கைநழுவினால் இனித் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்று சொக்கம்மாளிடம் சொல்லிக் கண் கலங்கியிருக்கிறார்.

வேலையைக் கொடுக்கும் அதிகாரி குற்றாலத்துக்கு வந்தார். அவர் பெயரையும், எந்தக் கச்சேரியில் உத்தியோகம் என்பதையும் நான் சொல்வதாக இல்லை. சாரல் காலத்தில் அங்கே கூடிய ஜீவகாருண்ய சபைக்கு அவர் தலைமை. கோழிக்கும் தாய்ப்பாசம் உண்டு என்று அவர் தழுதழுத்தபோது, கூட்டத்தில் பாதிப்பேர் மூக்கைச் சிந்தினார்கள். பிள்ளை முழுதாக அழுதார்.

கூட்டம் முடிய விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. அருவிக்குக் குளிக்கப் போகிறேன், யாரும் வரவேண்டாம் என்று அதிகாரி கிளம்பினார். எல்லாரும் நின்றுவிட்டார்கள். பிள்ளை மட்டும் பின்னாலேயே போனார். வழிக்கு வெளிச்சம் காட்டுகிற சாக்கில் முன்சீப் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை போட்டுவைப்பது அவர் திட்டம். அன்று வெள்ளிக்கிழமை. காரியம் கைகூட வேண்டுமென்று பொட்டு வழக்கத்தைவிடக் கனமாகவே வைத்திருந்தார். டார்ச்சு மூச்சு விடவில்லை.

இதற்குமேல் நடந்ததைச் சொன்னவர் கிதிர் முகம்மது அண்ணன். குற்றாலத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவர். அதிகாரி குளிக்கப் போகவில்லை. ஒரு பாறை மறைவில் இலை விரித்து உட்கார்ந்திருந்தார். கிதிர் அண்ணன் பக்கத்தில் நின்று கோழி வறுவல் பரிமாறிக்கொண்டிருந்தார்.

இருட்டில் துழாவி வந்த பிள்ளை, ஆத்திரத்தில் டார்ச்சைத் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பளீரென்று எரிந்தது. அதிகாரியின் முகம், வாயில் கோழிக்கால்.

"யாரது?"

"நாந்தான் சிவசைலம், எசமான்."

பிள்ளையின் மூக்குக்கண்ணாடி சாரலில் நனைந்திருந்தது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கையிலிருந்த டார்ச்சு மட்டும்தான். பெரியவர் முகத்தில் வெளிச்சம் அடிக்கிறதே என்று பதறி, மரியாதைக்குச் சற்றுத் தாழ்த்தினார். வெளிச்சம் இலையில் விழுந்தது.

"விளக்கை அணையும்" என்றார் அதிகாரி.

பிள்ளை சுவிட்சைத் தள்ளினார். அசையவில்லை. வாயைத் திறந்தால் சீமை டார்ச்சு கெட்டுப்போச்சு என்று சொல்ல வேண்டும். அவர் திறக்கவில்லை.

"நீர் எதற்கு வந்தீர் என்று தெரியும். முன்சீப் வேலைதானே? யோசிக்கலாம். அணையும்."

விளக்கு எரிந்தது.

"யோசிக்க என்ன இருக்கிறது? உமக்குத்தான்."

பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு நகத்தால் நெம்பினார். விளக்கு எரிந்தது.

"இந்த மாசமே உத்தரவு வரும் ஓய்! உமக்கு மச்சினன் எவனாவது இருந்தால் அவனுக்கும் கணக்குப்பிள்ளை வேலை!"

சாரலில் வழுக்கிய டார்ச்சு பாறையில் விழுந்து அணைந்தது.

"ஆளைப் பார்த்தால் தெரியவில்லை. எமகாதகர் ஓய் நீர்" என்றது இருட்டு.

ஆடி முடிவதற்குள் இரண்டு உத்தரவுகளும் வந்தன. பிள்ளை தெருவிலேயே அழுதுவிட்டார். "பாத்தியாட்டி? ஒரு கேள்வி கேக்கல. மொகத்தப் பாத்தவொடனே ஆளு இன்னாருன்னு எடை போட்டுட்டாவ. தகுதின்னு ஒண்ணு இருக்குல்லா!"

அதை அவர் சத்தியமாக நம்பினார். நம்பியதோடு விட்டாரா? பட்டா மாற்றத்துக்கு வாழைத்தாரோடு வந்தவனையும், வரிக்குத் தவணை கேட்டு நெய்ச்சட்டியோடு வந்தவனையும், "நான் தகுதியில வந்தவம்லே, தூக்கிட்டுப் போ!" என்று வாசலிலேயே விரட்டினார். மச்சினனையும் கைநீட்ட விடவில்லை. எனக்குத் தெரிந்து கை சுத்தமான முன்சீப் அவர் ஒருவர்தான்.

இதையெல்லாம் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கிதிர் அண்ணன் சொன்னார். அதிகாரிக்குப் பயந்து அல்ல. பிள்ளையின் காதில் விழுந்துவிட்டால் அடுத்த வாரமே அவரும் வாங்க ஆரம்பித்துவிடுவார் என்ற பயம்தான்.