படகு திரும்பும்வரை வாசிக்காத அத்தியாயம்

சுனாமி வந்து இரண்டு வருடம் ஆகியிருந்த மார்கழி மாதம் அது. கடலூருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவே, கடலோரக் குப்பம் ஒன்றில் நான் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே நடந்ததை இப்போது எழுத உட்கார்ந்தாலும் கோபம்தான் முதலில் வருகிறது. அது ஆற வேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

எனக்குச் சொந்த ஊர் மங்கலம்பேட்டைப் பக்கம். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. அதற்குப் பிறகு எந்த ஊரிலும் கால் தங்கவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி, சென்னையில் எக்ஸ்போர்ட் கம்பெனி, புதுச்சேரியில் ஒரு டெய்லர் கடை. எங்கே மெஷின் காலியோ அங்கே உட்காருவேன். சண்டை வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். சுனாமிக்குப் பிறகு கடலோரம் முழுக்கத் தையல் மெஷின்கள் வந்து இறங்கின. தொண்டு நிறுவன ஆபீஸ் ஒன்றில் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். போனேன்.

ஒரு தகரக் கொட்டகை. ஏழெட்டுப் பெண்கள். தலையணை உறை, துணிப்பை, உள்பாவாடை. இதைத்தான் தைக்க வேண்டும் என்று ஆபீஸ் உத்தரவு. நேராகத் தைக்கப் பழகினார்கள், ஆனால் கொட்டாவி விட்டார்கள். நானும்தான்.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தி பன்னிரண்டாவது வரை படித்தவள். கல்யாணமாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் ஒரு தடிப் புத்தகம் வைத்திருந்தாள். கடையில் வாங்கியதல்ல. வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்து, சேர்த்து, ஊசி நூலால் தைத்து அட்டை போட்டது. முதல் பக்கம் போய்விட்டது, அதனால் கதையின் பெயரே யாருக்கும் தெரியாது. ஒருநாள் அதைக் கொட்டகைக்கு எடுத்துவந்து, நாங்கள் தைக்க, அவள் வாசித்தாள். பக்கத்தின் பின்பக்கம் என்ன இருந்தாலும் அதையும் சேர்த்தே வாசிப்பாள். கதாநாயகி கண்ணைத் துடைக்கும் இடத்தில் திடீரென்று பீட்ரூட் அல்வா செய்முறை வரும். அதையும் கேட்டுக்கொண்டோம்.

கதை இதுதான். வீட்டை விட்டு வந்த ஒருத்தி, ரயிலடியில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். அவளிடம் சாப்பிட வருகிற லாரிக்காரன் ஒருவன், மனசில் இருப்பதைச் சொல்லாமல் சாம்பாரை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போகிறான். கடையைப் பிடுங்கப் பார்க்கிற மரவாடி முதலாளி ஒருவன், பெரிய மீசைக்காரன். அவன் வரும் அத்தியாயங்களில் எங்கள் மெஷின்கள் தாறுமாறாக ஓடும்.

அங்கே வயதான ஒரு அம்மா இருந்தார். பரங்கிப்பேட்டை வரை கூடை சுமந்து மீன் விற்றவர். எப்போதும் வெற்றிலைச் சிவப்பில் சிரிப்பு. எல்லோருக்கும் அத்தை. அவர்தான் ஒருநாள், "இந்த மீசைக்காரன என் கையில குடுங்கடி" என்று சொல்லி, மிச்சத் துணியில் பஞ்சு அடைத்து, கறுப்பு நூலில் மீசை வைத்து, ஒரு பொம்மை தைத்தார். அதைத்தான் ஊசி குத்தி வைக்க வைத்துக்கொண்டோம். முதலாளி ஒரு அக்கிரமம் செய்தால் ஆளுக்கொரு குண்டூசி. சில நாள் அவன் உடம்பில் இடமே இருக்காது.

அதிலிருந்து பிடித்துக்கொண்டது. மீன் குழம்பு ஆகிவிட்டது என்று லாரிக்காரனுக்குத் தெரிய, கதாநாயகி சன்னலில் ஒரு பச்சைத் திரையைப் பாதி இழுத்துவிடுவாள். அந்தத் திரையைத் தைத்தோம், ஓரத்தில் மீன் வரிசை வைத்து. அவள் ஓடி வந்தபோது வைத்திருந்த கயிற்றுப் பிடிப் பையைத் தைத்தோம். குழந்தைச் சட்டைக்கு லாரி மாதிரிப் பாக்கெட் வைத்தோம். எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆயிரக்கணக்கில் காலர் தைத்தவள் நான். யாருக்கு, எதற்கு என்று தெரிந்து தைத்தது அங்கேதான்.

ஒரு பழக்கம் மட்டும் எனக்குப் புரியவில்லை. கதாநாயகியின் அப்பா சாகும் இடம் வந்தபோது, வாசித்தவள் புத்தகத்தை மூடிவிட்டாள். படகுகள் எல்லாம் திரும்பிய பிறகுதான் திறந்தாள். அந்தக் குப்பத்தில் ஆண்கள் கடலில் இருக்கும்போது சாவு என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். குழாயடிச் சண்டையில்கூட அந்தச் சாபம் வராது. நான் கதைதானே என்று சிரித்தேன்.

"ஏ பொண்ணு, நீ மேட்டுல பொறந்தவ. ஒனக்குத் தெரியாது, சும்மா கெட" என்றார் அத்தை.

மார்கழியில் லாரிக்காரன் கொட்டும் மழையில் மலைப்பாதை ஏறினான். பிரேக்கை ஆள் வைத்துக் கெடுத்தது மரவாடி முதலாளி. 'தொடரும்.' அவள் பக்கத்தைப் புரட்டினாள். அடுத்த அத்தியாயத்தின் மேலே, கவிழ்ந்து கிடக்கும் லாரியின் படம். டப்பென்று மூடினாள்.

"எங்கூட்டுக்காரு லாஞ்சுல போயிருக்காரு. அவுரு வந்து எறங்கட்டும்."

விசைப்படகு போனால் திரும்ப நாலஞ்சு நாள் ஆகும். மீசைக்காரனுக்கு மட்டும் இன்னும் சில ஊசிகள் விழுந்தன.

இதற்குச் சில வாரம் முன்புதான் ஆபீஸ் சார் கேமராவோடு வந்து போயிருந்தார். நாங்கள் தைத்த ஒவ்வொன்றிலும் இரண்டை எடுத்துக்கொண்டார். மீசைப் பொம்மை அத்தனை பிடித்துப்போய், அத்தையை இன்னும் சில தைக்கச் சொல்லி வாங்கிப்போனார். சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனக் கூட்டத்தை நம்பிக் கண்காட்சி வைக்கப்போவதாகச் சொன்னார். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. வாசிப்பவளைக் கடலைப் பார்க்க நிற்கவைத்துப் படம் எடுத்தார். "தலையில பூவ எடுத்துடும்மா, படம் நல்லா வரும்" என்றார். அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றபோது, "அவுங்க வேணாம், சிரிச்சிக்கிட்டே இருக்காங்க" என்று என் காதில் சொன்னார்.

அத்தையின் ஒரே மகன் அந்த அலையில் போனவன். அதைப் பற்றி அவர் பேசி யாரும் கேட்டதில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

புத்தகம் மூடிக் கிடந்ததால் கொட்டகையில் பொழுது போகவில்லை. கண்காட்சியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நாங்களாகவே கிளம்பினோம். யாரும் அழைக்கவில்லை. தலை நிறையப் பூ, பெட்டியிலிருந்து எடுத்த புடவை. பஸ்ஸில் பாட்டும் கூச்சலுமாக, கல்யாணத்துக்குப் போவது போலத்தான் போனோம்.

கீழ வீதிப் பக்கம் ஒரு மண்டபம். வாசலிலேயே எங்கள் பச்சைத் திரை தொங்கியது. "தே, நம்ம மீனு!" என்று ஓடினார்கள். அதன் கீழே ஓர் அட்டை. நான் மெதுவாகத்தான் வாசிப்பேன். வாசிப்பவளோ எதைப் பார்த்தாலும் சத்தமாக வாசித்தே பழகியவள். பழக்க தோஷத்தில் ஆரம்பித்தாள்.

'இழந்த வீட்டின் சன்னலைத் தேடும் கைகள்' என்று இருந்தது அதில். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மீசைக்காரன்களை மேசையில் வரிசையாக வைத்திருந்தார்கள். அவர்களுக்குக் கீழே, 'உயிர்களைக் குடித்த கடல் அரக்கன்.' அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட கூறு கெட்டவனே, அவன் மரவாடிக்காரண்டா!"

சிரித்துக்கொண்டே அடுத்த சுவருக்குப் போனோம். அங்கே அவள் படம், ஆள் உயரத்துக்கு. பூ இல்லாத தலை, பின்னால் கடல். கீழே பெரிய எழுத்து. அதே குரலில் வாசித்தாள்.

'சுனாமியில் கணவரையும் குழந்தையையும் பறிகொடுத்த இந்தப் பெண், தன் கண்ணீரையே நூலாக...'

குரல் நின்றது. அவளுக்குக் கல்யாணமே சுனாமிக்குப் பிறகு. குழந்தை இன்னும் பிறக்கவில்லை. கணவன் அந்த நிமிடம் கடலுக்குள் இருக்கிறான். அவன் திரும்பும்வரை ஒரு கதைப் புத்தகத்தைக்கூடத் திறக்காதவளை, அவன் போய்விட்டான் என்று அவள் வாயாலேயே வாசிக்க வைத்துவிட்டார்கள் எழுதியவர்கள்.

பொம்மை வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி படத்தையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தார். கையைப் பிடித்துக்கொண்டு, "மனச விட்டுடாதம்மா, சாமி இருக்கு" என்றார். இவள் கையை உதறிவிட்டு, ரவிக்கைக்குள் கிடந்த தாலிக்கயிற்றை வெளியே இழுத்து எல்லோருக்கும் தெரியப் பிடித்தாள். "இது இன்னா? சொல்லுங்க, இது இன்னா?"

ஆபீஸ் சார் ஓடி வந்தார். "ஏம்மா கலாட்டா பண்றீங்க? இப்படி எழுதினாத்தான் ஜனங்க வாங்குவாங்க. எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்."

அத்தை அவருக்கு முன்னால் போய் நின்றார். வாயைத் திறந்தார். என் மகன் செத்தது உனக்குக் கண்ணில் படவில்லையா என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் வாயை மூடிக்கொண்டார். படகு கடலில் இருக்கிறது. அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அத்தனை பெண்களும் வயிறு எரிய நிற்கிறார்கள். குப்பத்தையே தூக்கி நிறுத்துகிற வாய்கள் அவை. ஆனால் எழுதியிருப்பதைப் பொய் என்று மறுக்கக்கூட அந்தச் சொல் வேண்டும். அதனால் ஒருவராலும் திட்ட முடியவில்லை.

எனக்குக் கடலில் யாரும் இல்லை. மேட்டில் பிறந்தவள். அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு, திருப்பூரிலும் சென்னையிலும் நான் கற்றுக்கொண்ட அத்தனை சொற்களையும் அந்த மண்டபத்தில் இறக்கினேன். சார் முகம் வெளிறிப்போனது. சாமி கும்பிட வந்த கூட்டம் வாசலில் திரண்டது. நான் கத்தக் கத்த, பெண்கள் ஓசைப்படாமல் எங்கள் சாமான்களை மூட்டை கட்டினார்கள்.

"அதெல்லாம் ஆபீஸ் சொத்து. துணி எங்க துணி" என்றார் சார்.

"துணி ஒன்னுதுதான்யா. தையலப் பிரிச்சிக் குடுத்துடறோம், எடுத்துக்கினு போ" என்று அத்தை நடு மண்டபத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு பொம்மையின் தையலைப் பல்லால் கடித்துப் பிரிக்க ஆரம்பித்தார். பஞ்சு பறந்தது. கூட்டம் சிரித்தது. "எடுத்துக்கிட்டுப் போய்த் தொலைங்க" என்றார் சார்.

படத்தையும் எழுத்தையும் நான் சுவரிலிருந்து கழற்றினேன். எரித்துவிடலாம் என்றேன். அவள் படம் அதில் இருக்கிறது, நெருப்பு வைக்கக்கூடாது என்று அத்தை சத்தம் போட்டார். படத்தைத் தனியாகப் பிரித்துக்கொண்டு, எழுத்திருந்த அட்டையைக் குப்பத்துத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டோம். மை கரைந்து, காகிதம் கூழாகும்வரை அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார்கள். எனக்கு வேலை போனது. அது எனக்குப் புதிதில்லை. பையைக் கட்டிவிட்டேன், ஆனால் அந்த முறை கிளம்ப மனம் வரவில்லை. வரவேண்டிய நாளில் லாஞ்சு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அவள் சோற்றில் கை வைக்கவில்லை. "நா வாசிச்சதாலதானாக்கா?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே அந்த ஆபீஸ் சாரை நான் மன்னிக்க மாட்டேன்.

அதற்கடுத்த நாள் விடிந்ததும் லாஞ்சு வந்தது. இஞ்சின் கோளாறாம். அவன் எதுவும் தெரியாமல், டீசல் நாற்றத்தோடு இறங்கி வந்தான். "இன்னா மூஞ்சி, காய்ச்சலா?" என்றான். அவள் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவன் என்னைப் பார்த்து, "இன்னாக்கா, நா இன்னா பண்ணேன்?" என்றான். கரையே சிரித்தது.

அன்று மத்தியானம், வலை காயும் இடத்தில் எல்லோரும் உட்கார்ந்தோம். எல்லாப் படகும் கரையில்தான் நிற்கிறதா என்று அத்தை ஒருமுறை எழுந்து பார்த்துவிட்டு வந்தார். அவள் புத்தகத்தைத் திறந்தாள்.

லாரிக்காரன் செத்துப்போனான். கதாநாயகி விஷயம் தெரியாமல், மீன் குழம்பு வைத்து, பச்சைத் திரையைப் பாதி இழுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

முதலில் உடைந்தது அத்தை. எப்போதும் சிரித்துக்கொண்டிருந்த அந்த மனுஷி, மண்ணில் கையை அடித்து, "எஞ் சாமி, எம் புள்ள" என்று கத்தி அழுதார். யாரும் தடுக்கவில்லை. எல்லோரும் சேர்ந்து அழுதோம். கண்ணீரை நூலாக்கினார்கள் என்று எழுதினார்களே, அந்தக் கொட்டகையில் தைத்த அத்தனை நாளும் நாங்கள் சிரித்தோம். அழுதது அன்றைக்குத்தான், ஆண்கள் எல்லோரும் கரை சேர்ந்த பிறகு.

சாயந்திரம் நான் பஸ் ஏறிவிட்டேன். மீசைக்காரன்களில் ஒருவன் இன்றும் என் பையில் இருக்கிறான், ஊசிகளோடு. எத்தனையோ ஊர் மாறிவிட்டேன். இப்போதும் எங்காவது ஒரு பெண்ணின் படத்தை மாட்டி, அதன் கீழே அவள் துயரத்தை எழுதி வைத்திருந்தால் நின்றுவிடுகிறேன். எழுதியவரைத் தேடிப்பிடித்து, எழுதுவதற்கு முன் இவள் வீட்டு ஆள் கரைக்கு வந்துவிட்டாரா என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று சட்டையைப் பிடித்துக் கேட்கத் தோன்றுகிறது.