லீமாரோஸ் ஏறாத ஜாவா

தொண்டியில் கருவாட்டு வியாபாரி வேதநாயகத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. தராசுத் தட்டுக்கு அடியில் விரலை விட்டுத் தடவாமல் அவன் ஒரு கூடைச் சரக்குகூட வாங்கியதில்லை. புளியை ஒட்டி வைத்திருப்பார்களாம். மாதா கோயிலில் காணிக்கைத் தட்டு சுற்றி வரும்போது, பக்கத்தில் இருப்பவன் போடுகிறானா எடுக்கிறானா என்று ஓரக்கண்ணால் பார்ப்பான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. அடுத்தவன் பொருளை அவன் தொட்டதே இல்லை. ஆனால் ஊரில் உள்ள அத்தனை பேரும் காலையில் பல் துலக்குவதே தன்னை ஏமாற்றக் கிளம்பத்தான் என்று நம்பினான். அப்படி நம்புகிற மனிதனுக்கு ராத்திரித் தூக்கம் எப்படி வரும்? வராதுதான்.

இந்த மனிதனுக்கு வாய்த்த மனைவி லீமாரோஸ், தங்கச்சிமடத்துப் பெண். தொண்டிப் பிரசவ நிலையத்தில் நர்சு. சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் வலி கண்டாலும் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து அவளைத்தான் கூட்டிப் போவார்கள். ராத்திரி என்றும் பார்ப்பதில்லை, மழை என்றும் பார்ப்பதில்லை. வண்டி வாசலில் வந்து நின்றதும் வேதநாயகம் வெளியே போய், வண்டி யாருடையது, ஓட்டுகிறவன் யார், எந்த வழியாகப் போகிறார்கள் என்று விசாரிப்பான். பிள்ளை பெறப் போகிறவள் அங்கே துடித்துக்கொண்டிருப்பாள். இவன் இங்கே வண்டிக்காரனிடம் அவன் மாமனார் ஊரைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

அறுபத்து மூன்றாம் வருஷம் அவன் மோட்டார் சைக்கிள் வாங்குவது என்று முடிவு செய்தான். "பிரசவத்துக்கு நேரத்துல போய்ச் சேரணும்ல," என்று கடைவீதியில் சொல்லிக்கொண்டான். அது பொய்யில்லை. ஆனால் எவனோ ஒருவன் வண்டியில் தன் மனைவி ஏறிப் போவதை அவனால் சகிக்க முடியவில்லை என்பதுதான் அதைவிடப் பெரிய உண்மை. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. லீமாரோஸ் தன் தோளில் கை வைத்துப் பின்னால் உட்கார்ந்திருக்க, ஒரு தடவையாவது கடைவீதி வழியாகப் போக வேண்டும் என்று ஆசை.

லீமாரோஸுக்கும் சந்தோஷம்தான். "வாங்குங்க. மாட்டு வண்டியில குலுங்கிக் குலுங்கி என் இடுப்பே கழண்டு போச்சு," என்றாள்.

புது வண்டிக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க அவனால் முடியாது. ஓட்டின வண்டிகள் இரண்டு விலைக்கு வந்தன. ஒன்று, திருவாடானைப் பாதையில் கண்மாய்க்கரை ஊரில் இருந்த மூக்கையாவின் புல்லட். மூக்கையா நிலம் நீச்சு உள்ள சம்சாரி. மகன் பொன்னுச்சாமிக்காக வாங்கியது. இப்போது கிணற்றுக்குப் பம்புசெட் வைக்க வேண்டியிருப்பதால் விற்கிறார். இன்னொன்று, தொண்டியிலேயே துணிக்கடை வைத்திருந்த சதக்கத்துல்லாவின் ஜாவா. அவர் பினாங்குக்கு அண்ணனோடு சேர்ந்து வியாபாரம் செய்யக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

முதலில் ஜாவாவைப் பார்த்தான். சிவப்பு வண்டி, டாங்கியில் முகம் பார்க்கலாம். கியர் மாற்றுகிற மிதியையே அமுக்கித் தூக்கி நிறுத்தினால் அதுவே உதைத்துக் கிளப்புகிற மிதியாகிவிடும். சதக்கத்துல்லா பெருமையாகச் செய்து காட்டினார்.

"ஒரே மிதி ரெண்டு வேலை பாக்குதா? ஒண்ணு ஒடைஞ்சா ரெண்டும் போச்சே பாய்," என்றான் வேதநாயகம்.

"ஒடைஞ்சாத்தானே. பெட்ரோல்ல கொஞ்சம் ஆயிலைக் கலந்து ஊத்துங்க. அல்லாஹ் புண்ணியத்துல நாள் பூரா ஓடும்."

பெட்ரோலில் ஏன் எண்ணெயைக் கலக்க வேண்டும் என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது. பாலில் தண்ணீர் கலக்கிற ஊரில் பிறந்தவனுக்கு வேறு என்ன வரும்? விலையில் இரண்டு பேரும் மல்லுக்கு நின்றார்கள். சதக்கத்துல்லா இறங்கவே மாட்டேன் என்றார். வேதநாயகம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்துவிட்டான்.

மூக்கையா வீட்டில் கதை வேறு மாதிரி. களத்தில் புல்லட் நின்றது. சக்கரத்தில் சேறு காய்ந்து கிடந்தது. மூக்கையா ஒரு விலை சொன்னார். வேதநாயகம் வழியெல்லாம் மனசுக்குள் போட்டு வைத்திருந்த விலையைவிட அது குறைவு.

"ஏன் இம்புட்டுக் கம்மியாச் சொல்றீக?"

"நர்சம்மா இல்லாட்டி எம் மக பொழைச்சிருக்க மாட்டா. காலு பக்கமா வந்த பிள்ளையைத் திருப்பி எடுத்துக் குடுத்தவுக. அவுக ஏறிப் போற வண்டிக்கு நான் லாபம் வைக்கவா?" என்றார் மூக்கையா.

வேறு எவனாக இருந்தாலும் கும்பிட்டு வாங்கியிருப்பான். வேதநாயகத்துக்கு உள்ளே மணி அடித்தது. சண்டை போடாமல் விற்கிறவன் சரக்கில் ஏதோ கோளாறு இருக்கும். தன் மனைவி பேரைச் சொல்லி விலையைக் குறைக்கிறான் என்பது வேறு குடைந்தது. வண்டியை மூன்று தடவை சுற்றி வந்தான். மோந்து பார்த்தான். பொன்னுச்சாமி உதைத்துக் காட்டினான், களம் அதிர்ந்தது. குறை ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுவே அவனை இன்னும் பயமுறுத்தியது. இருந்தாலும் விலை இழுத்தது. சரி என்று தலையாட்டினான்.

மூக்கையா வண்டியின் கழுத்துப் பக்கம் குனிந்தார். விளக்குக்குக் கீழே கையை விட்டு எதையோ கழற்றினார். சட்டென்று வேட்டி மடியில் செருகிக்கொண்டார். "இனி உங்க வண்டி. ஓட்டிட்டுப் போங்க," என்றார்.

வேதநாயகம் அதைப் பார்த்துவிட்டான்.

"என்னத்த எடுத்தீக?"

"அது ஒண்ணுமில்ல. எங்க வீட்டுச் சாமான்."

"வண்டியில இருந்ததுதானே? மடியை அவுத்துக் காட்டுங்க."

களத்தில் சனம் நின்றது. மருமகள் சேதுலட்சுமி வாசலில் நின்றாள். பேர் சொன்னால் ஊரே எழுந்து நிற்கிற மனிதரை, அவர் களத்திலேயே வைத்து, மடியை அவிழ்க்கச் சொல்லிவிட்டான். பொன்னுச்சாமி முன்னால் வந்தான். மூக்கையா மகனைக் கையால் தடுத்துவிட்டு மடியை அவிழ்த்தார். உள்ளே இருந்தது ஒரு முழம் கறுப்புக் கயிறு. மாட்டுப் பொங்கல் அன்றைக்கு மாடுகளுக்குக் கட்டும்போது வண்டிக்கும் ஒன்று கட்டியிருந்தார்.

"மாட்டை வித்தாலும் கயித்தைக் குடுக்க மாட்டோம்," என்றார். "கயிறு போனா வீட்டு லட்சுமி கூடவே போயிரும். வாங்குறவுக புதுக் கயிறு போட்டுப் பிடிச்சுக்கிட்டுப் போவாக. மோட்டாரா இருந்தா என்ன, நான் கட்டுனது கயிறுதானே."

கடற்கரையில் பிறந்து கடற்கரையில் வளர்ந்த வேதநாயகம் ஆயுசில் ஒரு மாடும் வாங்கியதில்லை. இந்த வழக்கம் அவனுக்குத் தெரியாது. தெரியாததை நம்புகிற பழக்கமும் அவனுக்கு இல்லை. ஒரு முழக் கயிற்றை ஒளித்து வைப்பவன் உலகத்தில் உண்டா? இவனுக்குக் கை நீளம், கயிற்றைக் காட்டி ஏய்க்கிறான், நிஜமாக எடுத்த சாமான் இந்நேரம் வைக்கோலுக்குள் போயிருக்கும். "எனக்கு இந்த வண்டி வேண்டாம்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

நேரே போய் ஜாவாவை வாங்கினான். சதக்கத்துல்லா கடைசி வரைக்கும் தொண்டை கிழியப் பேரம் பேசினார். அதனாலேயே அவரை நம்பினான். புல்லட் பிறகு தேவகோட்டை ரைஸ்மில்காரர் ஒருவருக்குப் போயிற்று.

சிவப்பு வண்டியைத் துடைத்து, பூவைச் சுற்றி, வாசலில் நிறுத்தினான். லீமாரோஸ் வெளியே வந்தாள். களத்தில் நடந்தது அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"ஏறு. கடைவீதி வரைக்கும் போயிட்டு வருவோம்."

"நான் ஏற மாட்டேன்," என்றாள். "அந்த வீட்டுல எனக்கு இலை போட்டுச் சோறு வச்சாக. அந்த மனுசரை மடியை அவுக்கச் சொல்லியிருக்கீக. இன்னைக்கு அவரு மடி. நாளைக்கு நான் ஒரு பிரசவத்துக்குப் போயிட்டு நேரங்கழிச்சு வந்தா எம் மடியையும் அவுக்கச் சொல்வீக. அவருகிட்டப் போய் மன்னிப்புக் கேளுங்க. அப்புறம் ஏறுறேன்."

அவன் போகவில்லை. வைக்கோலுக்குள் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

அதற்குப் பிறகு தொண்டியில் ஒரு கூத்து நடந்தது. லீமாரோஸ் வழக்கம்போல மாட்டு வண்டியில் போவாள். பின்னால் வேதநாயகம் ஜாவாவில், மாட்டு நடைக்குத் தகுந்தபடி உறுமி உறுமி வருவான். ஜாவா நல்ல வண்டி. ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை. இவனுக்குத்தான் அதை நம்ப முடியவில்லை. பெட்ரோல் ஒழுகுகிறதோ என்று இறங்கி மோந்து பார்ப்பான். காற்று இறங்கிவிட்டதோ என்று சக்கரத்தை அமுக்குவான். அப்போதெல்லாம் மாட்டு வண்டிகூட அவனை விட்டுவிட்டு முன்னால் போய்விடும். "வேதநாயகம் மாட்டை மேய்க்க மோட்டார் வாங்கியிருக்கான்," என்று ஊர் சிரித்தது. அவனுக்கு அழுகையே வந்தது. வாங்கிய வண்டியின் பின்சீட்டு வெறிச்சென்று கிடந்தது.

ஒரு நாள் உச்சி வெயிலில் பொன்னுச்சாமி வண்டியை விரட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். மாடுகள் நுரை தள்ளின. வேதநாயகத்தின் பக்கம் அவன் பார்க்கவே இல்லை.

"நர்சம்மா, வீட்டுல சேதுலட்சுமிக்குப் பனிக்குடம் ஒடைஞ்சிருச்சு. காலு தெரியுதுங்குறாக."

லீமாரோஸ் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். மாடுகளைப் பார்த்தாள். இனி அவை ஓடாது என்று பார்த்ததுமே தெரிந்தது. வேதநாயகம் ஜாவாவின் சக்கரத்தில் போட்டிருந்த சங்கிலிப் பூட்டைத் திறக்க ஓடினான். கடைசியில் அவள் ஏறத்தான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

"நீங்க ஓட்ட வேண்டாம்," என்றாள். "நீங்க எறங்கி எறங்கி மோந்து பாத்து நான் போய்ச் சேர்றதுக்குள்ள அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போயிரும். சாவியை இந்தத் தம்பிகிட்டக் குடுங்க."

அவன் அப்படியே நின்றான். அப்பனை அவமானப்படுத்தியவனின் வண்டி என்று கொண்டுபோய் எங்கேயாவது மோதுவானோ? திருப்பித் தருவானோ மாட்டானோ? இந்த இளந்தாரியின் பின்னால் உட்கார்ந்து இவள் கடைவீதி வழியாகப் போவதை எத்தனை பேர் பார்ப்பார்கள்? வர வேண்டிய நினைப்பு ஒன்று பாக்கியில்லாமல் வந்தது. லீமாரோஸ் கெஞ்சவில்லை; கோபப்படவும் இல்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் சாவியைக் கொடுத்தான்.

பொன்னுச்சாமி ஒரே உதையில் கிளப்பினான். "மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வண்டியில ஏறி உக்காருங்க. நீங்க ஓட்ட வேண்டாம், அது தானா வீடு போயிரும்," என்று சொல்லிவிட்டுத் திருப்பினான். லீமாரோஸ் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். வேதநாயகம் எத்தனையோ நாள் ஆசைப்பட்டபடியே, சிவப்பு வண்டி கடைவீதி வழியாகப் பறந்து போயிற்று.

மாட்டு வண்டியில் அவன் பட்ட பாடு கொஞ்சமல்ல. மாடுகள் பெரிய பாதையை விட்டு ஒரு ஒற்றையடித் தடத்தில் இறங்கின. வேண்டுமென்றே வழி தவறுகின்றன என்று மாடுகளையும் சந்தேகப்பட்டான். இழுத்துப் பார்த்தான், நின்றுவிட்டன. விட்டான், நடந்தன. வேறு வழியில்லாமல் பேசாமல் உட்கார்ந்திருந்தான். கண்மாய்க்கரை தெரிந்தது. வண்டி நேராக மூக்கையாவின் களத்தில் போய் நின்றது.

உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது. மூக்கையா வந்து மாடுகளை அவிழ்த்தார். "பொம்பளப் பிள்ளை. ரெண்டு உசுரும் நல்லா இருக்கு," என்றார்.

வேதநாயகம் இறங்கி நின்றான். "மாடு ரெண்டுக்கும் ஒண்ணும் ஆகல. காலு, குளம்பு எல்லாம் ஒரு தடவை பாத்துக்கங்கண்ணே," என்றான்.

"நீங்க கொண்டாந்த மாட்டை நான் என்னத்தப் பாக்க," என்றார் மூக்கையா. பார்க்காமலே மாடுகளைத் தொட்டிக்கு ஓட்டினார்.

வேதநாயகத்துக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அந்தக் களத்தில், அதே மனிதரிடம் தான் கேட்டது நினைவுக்கு வந்தது. தொட்டி வரைக்கும் அவர் பின்னாலேயே போனான். "அண்ணே, அன்னைக்கு உங்க மடியை அவுக்கச் சொன்னது பெரிய தப்பு. மன்னிச்சிருங்க," என்றான். சனம் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னான்.

மூக்கையா தொட்டித் தண்ணீரில் கையை அலசிவிட்டுத் திரும்பினார். "வெயில்ல வந்திருக்கீக. மோரு குடிங்க," என்றார்.

லீமாரோஸ் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். இரண்டு பேரும் வேப்பமரத்தடியில் நின்ற ஜாவாவிடம் போனார்கள். அவள் உடனே ஏறவில்லை.

"நான் அந்தத் தம்பி பின்னால போனேனே. வழியெல்லாம் என்ன நெனச்சீக?"

அவன் பொய் சொல்லவில்லை. "எல்லாத்தையும் நெனச்சேன்," என்றான்.

"நெனச்சிட்டு?"

"சாவியைக் குடுத்தேன்ல."

லீமாரோஸ் அவனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.