ஒரு பாலாடைத் தண்ணீர்

என் மகனுக்கு மூன்று மாதம் ஆகியும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. காரணம் நான்தான். பட்டாளத்தில் இருந்த என் தம்பிதான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அவனுக்கோ லீவு கிடைத்தபாடில்லை. எங்கள் ஊர்க் கோயிலுக்குச் சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் பூசைக்கு வருவார். வரும்போதெல்லாம் என் நாத்தனார், “இந்த மாசமாச்சும் குடுத்துரு” என்பார். அடுத்த மாதம் என்பேன். வீட்டுக்காரருக்கு மூத்தவர் அவர். கோயில், செபமாலை, ஒருசந்தி நோன்பு, எதிலும் ஒரு இம்மி குறைய விடமாட்டார். எனக்கும் அவருக்கும் அதனாலேயே ஏழாம் பொருத்தம்.

அது எண்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை மாதம். பிள்ளைக்குப் பேதி கண்டது. திருச்சுழியில் ஒரு நர்ஸம்மா பார்த்தார். கொதித்து ஆறின தண்ணீரில் உப்பும் சீனியும் கரைத்து, பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார்.

“கொஞ்சங் கொஞ்சமா வாயில விட்டுக்கிட்டே இருங்க, நிறுத்திராதீங்க. அருப்புக்கோட்டைக்குக் கொண்டு போயி டிரிப்பு ஏத்தணும்.”

வீட்டுக்காரர் அருப்புக்கோட்டையில் தறி செட்டில் வேலை பார்த்தார். வாரம் ஒரு நாள்தான் வீட்டுக்கு வருவார். அதனால் நாத்தனாரும் நானும், நாலு வயது மகளையும் கூட்டிக்கொண்டு, மகனைத் தோளில் போட்டபடி பஸ் ஏறினோம்.

பாதி வழியில் முன்பக்கம் புகைந்து பஸ் நின்றுவிட்டது. டிரைவர் ஆளாளுக்குக் கெஞ்சி, வண்டியில் இருந்த குடிதண்ணீரையெல்லாம் வாங்கி ரேடியேட்டரில் ஊற்றினார். வீரசோழன் கிராமத்தில் ஏறிய அம்மா ஒருவர் தன் தூக்குவாளியில் இருந்ததையும் கொடுத்தார். அத்தனையையும் ரோட்டில் ஒழுகவிட்டு, வண்டி அசையாமல் நின்றது. கண்டக்டர் வேறு வண்டி பார்க்கிறேன் என்று ஒரு சைக்கிளின் பின்னால் தொற்றிக்கொண்டு போனார். ரோட்டின் இரண்டு பக்கமும் வெடித்த கரிசலும் கருவேலமும்தான். பக்கத்தில் வறண்டு கிடந்த கண்மாய்க்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

பிள்ளைக்குத் தண்ணீர் விடுவோம் என்று சீட்டுக்குக் கீழே இருந்த பாட்டிலை எடுத்தேன். அடியில் கொஞ்சம்தான் கிடந்தது. மகள் வாயைத் துடைத்துக்கொண்டு, “இனிப்பா இருந்துச்சும்மா” என்றாள். ஓங்கிய கையை அவள் உதட்டைப் பார்த்ததும் இறக்கிக்கொண்டேன். அதுவும் வெடித்துத்தான் இருந்தது. மிச்சத்தை, பிள்ளைக்குப் பால் புகட்டும் பாலாடையில் சாய்த்தேன். ஒரு பாலாடைக்குத்தான் வந்தது.

மகனுக்குக் கண் உள்ளே போயிருந்தது. உச்சந்தலை குழி விழுந்திருந்தது. காலையில் கத்தித் தீர்த்தவன் இப்போது அழக்கூட இல்லை; மார்பில் போட்டாலும் சப்பத் தெம்பில்லை.

நாத்தனார் கையை நீட்டினார். “அதை இங்க குடு. ஞானஸ்நானம் குடுத்துருவோம்.”

உயிர் போகும் நேரத்தில் சாமியார் இல்லாவிட்டால் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். சாமியார் இல்லாத நாளில் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் ஊர் உபதேசியார், பெண்களுக்கெல்லாம் அதைப் பழக்கியிருந்தார். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே என்று சொல்லி ஊற்ற வேண்டும். முடி நனைந்தால் போதாது. தண்ணீர் தோலில் பட்டு ஓட வேண்டும், அதுவும் மூன்று தரம். என் மகனுக்கோ தலை கொள்ளாத முடி. கையில் இருந்தது முழுக்க அந்த முடிக்கே போய்விடும்.

“இது உப்புத் தண்ணி மதினி” என்றேன், எதையாவது சொல்லித் தடுக்க வேண்டுமே என்று.

“இருந்தா என்ன? சாமியாரு தீர்த்தத்துல உப்பு போட்டுத்தான மந்திரிக்காரு?”

கோயில் சட்டத்தில் அவரை மடக்க முடியுமா? “நர்ஸம்மா வாயில விடச் சொல்லிருக்காக” என்றேன்.

“வாயில விட்டும் போயிட்டான்னா?” அவர் குரல் உடைந்தது. “எம்புள்ளைக்கு வேலிக்கு வெளிய குழி தோண்டுனாக. ஒனக்குத் தெரியுமா? இன்னமும் அங்கதான் கெடக்கு. ஒம்புள்ளையையும் அங்க கொண்டு போயி வைக்கச் சொல்லுறியா?”

அவருடைய முதல் பிள்ளை பிறந்த அன்றே இறந்தது என்று மட்டும்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்பதால் மந்திரித்த கல்லறைத் தோட்டத்துக்குள் வைக்கவில்லை போலிருக்கிறது. கல்லறைத் திருநாளில் எல்லோரும் உள்ளே மெழுகுவர்த்தி ஏற்ற, இவர் மட்டும் முள்வேலிப் பக்கம் ஒதுங்கி நிற்பார். கூட்டத்தில் நிற்கப் பிடிக்காத வீம்பு என்று நினைத்திருந்தேன்.

தலையில் ஊற்றினால் மோட்சம். வாயில் ஊற்றினால் ஒருவேளை உயிர். இரண்டுக்கும் சேர்த்துத் தண்ணீர் இல்லை.

எனக்கு மாதா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நீயும் கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு இப்படி ஒரு பொட்டலில் ஓடினவள்தானே? ஒரு வாய்த் தண்ணீர்தான் மிச்சம் என்றால் நீ அதை எங்கே ஊற்றியிருப்பாய், சொல் என்று மனசுக்குள் கத்தினேன். கத்தி முடிக்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

பாலாடையின் மூக்கை அவன் வாயில் வைத்தேன். “அடி பாவி” என்று நாத்தனார் நெஞ்சில் அடித்துக்கொண்டார். முதலில் விட்டது கடைவாய் வழியே வழிந்தது. தொண்டையை விரலால் நீவிவிட்டு இன்னும் கொஞ்சம் விட்டேன். பிறகு அவன் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிச் செபமாலையை உருட்டத் தொடங்கினார். பாலாடை காலியாகும்வரை அவர் என்னைப் பார்க்கவில்லை.

பஞ்சு லோடு ஏற்றி வந்த லாரி ஒன்று எங்களை அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டது. காலில் நரம்பு தேடி டிரிப் ஏற்றினார்கள். பொழுது சாயும் நேரத்தில் அவன் வீறிட்டு அழுதான். அந்தச் சத்தத்தைக் கேட்டு வார்டில் சிரித்தவள் நான் ஒருத்திதான்.

அடுத்த பூசைக்குத் தம்பியின் லீவுக்காக நான் காத்திருக்கவில்லை. உபதேசியாரையே ஞானத்தகப்பனாக நிற்கச் சொன்னேன். ஞானத்தாயாக நாத்தனாரைக் கேட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் என்னோடு முகம் கொடுத்துப் பேசாதவர், சரி என்று மட்டும் சொன்னார்.

அவர்தான் பிள்ளையை ஏந்தி நின்றார். சாமியார் முதல் தரம் ஊற்றியதும் அவன் திடுக்கிட்டு முழித்தான். இரண்டாவது தரம் தண்ணீர் நெற்றியில் இறங்கி உதட்டுக்கு வந்தது. அவன் நாக்கை நீட்டி நக்கினான். சாமியார் முகம் சுளித்து நிறுத்தினார்.

நாத்தனாரைப் பார்த்தேன். அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

“குடிலே” என்றார் அவனிடம், மெதுவாக. “நல்லாக் குடி.”

மூன்றாவது தரம் சாமியார் கிண்ணத்தைச் சாய்த்தபோது, தண்ணீர் வாய்க்குப் போகிற மாதிரி அவன் தலையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார்.