கடற்பறவைக்கு ஒரு சாட்சி

என் கணவர் ஏ.சி. மெக்கானிக். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களின் மொட்டை மாடிகளெல்லாம் அவருக்கு அத்துப்படி. வேலைக்கு நடுவே வானத்தைப் பார்ப்பார். பறவைகள் மேல் அப்படி ஒரு கிறுக்கு. தொழிலில் கூட்டாளி அவருடைய தம்பி. கடை யார் பெயரில் இருப்பது என்ற தகராறில் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள், தொழிலை நிறுத்தவில்லை. "ஸ்பானர்", "கயிறு", "பிடி". அண்ணன் தம்பிக்குள் மிச்சமிருந்த பேச்சு அவ்வளவுதான்.

புயல் ஓய்ந்த மறுநாள் ஓர் ஆஸ்பத்திரி மாடியில் வேலை. இடுப்பில் கயிறு கட்டி விளிம்பில் இறங்க வேண்டும் என்பதால் போனைக் கீழே பையில் வைத்துவிட்டுத்தான் ஏறுவார்கள். அப்போது தலைக்கு மேல் வெள்ளையாக ஒன்று வட்டமிட்டது. உடம்பைவிட நீளமான வால். நடுக்கடலில் திரிகிற பறவை. கடலே இல்லாத எங்கள் ஊருக்குப் புயல் அதைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தது.

"டேய், மேல பாருடா," என்றாராம். தம்பியும் பார்த்தார். அது கண்ணை விட்டு மறையும்வரை இருவரும் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருக்கிறார்கள்.

அன்றே கடையிலிருந்து பறவை ஆர்வலர் சங்கத்துக்குப் பேசினார். படம் இல்லையென்றால் கூடப் பார்த்தவர் ஒருவர் சொல்ல வேண்டும் என்றார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டுத் தம்பி முன் நீட்டினார்.

"நான் ஒண்ணும் பாக்கலைங்க. வேலையா இருந்தேன். கொக்கு கிக்கு ஏதாவது இருக்கும்."

அன்றிலிருந்து கடைத்தெருவில் அவர் பெயர் கடல்கொக்கு. "என்ன கடல்கொக்கு, இன்னைக்குத் திமிங்கலம் ஏதாச்சும் பறந்துச்சா?" முதலில் அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு டீயை வீட்டிலேயே குடிக்க ஆரம்பித்தார். படுக்கையில் விழுந்த பிறகும் அதே பேச்சு. நான் நம்புகிறேன் என்று சொன்னால், "நீ பாக்கலையே. பாத்தவன்ல சொல்லணும்," என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

போன வாரம் போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நடுவே கொழுந்தன் கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். "வாலு மட்டும் இவ்ளோ நீளம். எங்க ரெண்டு பேருக்குத்தான் அந்தக் கொடுப்பினை." கடல்கொக்கு என்று கூப்பிட்டவர்களே தலையாட்டிக் கேட்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"அண்ணி, அந்தச் சங்கத்துக்காரர் நம்பர் அண்ணன் போன்ல இருக்குமே. குடுங்க, இப்பவே சொல்லிடறேன். மனசு ஆறல."

"போன் எங்க இருக்குன்னு தெரியல," என்றேன்.

அது என் மடியில்தான் இருந்தது, போர்வைக்கு அடியில்.