தொட்டிக்குள் போன மண்ணும் திரும்பி வந்த ஆட்களும்

மண் விற்கிற தொழிலில் ஒரு நல்லது உண்டு, சரக்கு கெட்டுப்போகாது. ஒரு கெட்டதும் உண்டு, வாங்கிப் போன வீட்டில் செடி பட்டுப்போனால் பட்ட செடியோடு ஆள் திரும்பி வந்துவிடும்.

சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகிற சாலையில் என் கடை. அதற்கு முன்னால் ஓர் அச்சகத்தில் காலண்டர் டிசைன் செய்துகொண்டிருந்தேன். வீட்டு மாடியில் வைத்த செடிகளில் பாதியைச் சாகடித்து, மீதிப் பாதி எப்படிப் பிழைத்தது என்று ஆராயப் போய் இந்தத் தொழிலுக்கு வந்து சேர்ந்தேன். செம்மண், தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம், வேப்பம் புண்ணாக்கு எல்லாம் தனித்தனியாகவும் கிடைக்கும், கலந்தும் கொடுப்போம். ‘கொடுப்போம்’ என்றால் நானும், லாரியில் லோடு ஏற்றுகிற வேலையை விட்டுவிட்டு வந்த சோலையப்பன் அண்ணனும். காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் மாடிக்கு ஓடி, புது இலை விட்டிருக்கிறதா என்று குனிந்து பார்க்கிற ஆளா நீங்கள்? அப்படியானால் இதில் வருகிறவர்கள் எல்லாம் உங்கள் சொந்தக்காரர்கள்தான்.

ஊறியது

நார்த்தூள் எங்களிடம் கட்டியாக வரும். அழுத்தி அழுத்திச் செங்கல் மாதிரி ஆக்கியிருப்பார்கள். தண்ணீரில் போட்டால் உப்பி, ஒரு கட்டி பெரிய தொட்டி நிறைய வந்துவிடும். சூலக்கரைப் பக்கம் குடியிருக்கும் சார் ஒருவர், புதிதாகச் செடி வளர்க்க ஆசைப்பட்டு இரண்டு கட்டி வாங்கினார். “வாளியில ஊறப் போட்டு, நல்லா அலசி, உதிர்த்துட்டு அப்புறம் பையில போடுங்க சார்” என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவர் அப்போது போனில் பேசிக்கொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டுக்குப் போனவர், கட்டியை அப்படியே செடிப் பைக்குள் இறக்கியிருக்கிறார். மேலே கொஞ்சம் மண்ணைத் தூவி, தக்காளி விதையை ஊன்றி, குடம் குடமாகத் தண்ணீர் விட்டுவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் எனக்குப் போன் வந்தது. பேசியது அவர் வீட்டம்மா. கட்டி உப்பிப் பை கிழிந்து, பால்கனிக் கதவைத் திறக்க முடியாமல் வெளியே காயப் போட்ட துணி வெளியிலேயே இருக்கிறதாம். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அவர் கேட்டார்: “ஏங்க, எங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட வாங்கினது செடிக்கு மண்ணா, இட்லிக்கு மாவா?”

கல் பொறுக்கியது

பெர்லைட் என்று ஒரு சரக்கு உண்டு. பார்த்தால் பொடித்த தெர்மாகோல் மாதிரி வெள்ளையாக இருக்கும். உண்மையில் அது அதிக சூட்டில் பொரிந்த ஒரு கல். மண் இறுகிப் போகாமல் வேருக்குக் காற்றுப் போக இடம்விடும் என்பதற்காகக் கலவையில் கொஞ்சம் சேர்ப்போம்.

திருத்தங்கலில் இருந்து வந்த தனலட்சுமி அம்மாவுக்கு இதைச் சொல்ல மறந்துவிட்டேன். அவர் வீட்டில் போய் மூட்டையைப் பிரித்திருக்கிறார். உள்ளே வெள்ளை வெள்ளையாகக் கல். முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, டிவி பார்த்தபடியே ஒன்று விடாமல் பொறுக்கி, ஒரு பை நிறையக் கட்டிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். “எடை போட்டுக் கழிச்சு, அம்புட்டுக்கும் மண்ணாக் குடு தாயி” என்றார். சோலையப்பன் அண்ணன் பையைத் தராசில் வைத்தார். தராசு அசைவேனா என்றது. அந்த அம்மா தராசையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து மனம் நொந்து சொன்னார்: “கல்லைக் கலக்குறதுன்னு ஆயிப்போச்சு, கனமுள்ள கல்லாவாச்சும் கலக்கக் கூடாதா?”

பெரியவரின் கரிசல்

கரிசல் நிலம் நிறைய வைத்து விவசாயம் பார்க்கிற பெரியவர் ஒருவர், டவுனில் கட்டிக்கொடுத்த மகளோடு வந்தார். மகளுக்கு மாடியில் ரோஜா வைக்க ஆசை. மகள் கலவை மூட்டையைக் கையால் தொட்டதும் பெரியவருக்குச் சுருக்கென்றது. “நம்ம காட்டுல இல்லாத மண்ணா? மண்ணை விலைகுடுத்து வாங்கினான்னு நாளைக்கு ஊருக்குள்ள பேசுறதுக்கா?” என்று மகளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனார். மறுநாளே டிராக்டரில் கரிசல் வந்து இறங்கியதாம். பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து.

கரிசலில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. பருத்தியும் கம்பும் விளைகிற மண். ஆனால் அது காடாகக் கிடக்கும்போது ஒரு மாதிரி, தொட்டிக்குள் வேறு மாதிரி. நனைந்தால் களியாக இறுகும். காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். தொட்டி ஓரத்தில் விரல் நுழைகிற அளவு சந்து விழுந்து, ஊற்றுகிற தண்ணீரெல்லாம் அந்தச் சந்து வழியாக ஓடிவிடும். வேருக்கு ஒரு சொட்டு சேராது. ரோஜா ஒவ்வொன்றாகக் கருகியது. கடைசியில் பெரியவரே, மகள் இல்லாமல், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். பாதிக் கரிசலோடு பாதி நார்த்தூளும் மக்கின உரமும் சேர்க்கலாம் என்று மட்டும் சொல்லி, மூட்டையை எடுத்து வைத்தேன். வண்டியில் ஏற்றும்போது, கேட்காமலே சொன்னார்: “மண்ணு நல்ல மண்ணுதேன். தொட்டிதான் கொஞ்சம் சின்னதாப் போச்சு.”

மருந்து கலந்த கை

பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்தை ‘மருந்து’ என்றுதான் சொல்வார்கள். அதைக் கலக்குகிறவர் தனி அறையில், காலையிலேயே, மனசு கலங்காமல் இருந்து கலக்க வேண்டும். அந்த வேலையை ஆயுசு முழுக்கப் பார்த்து, எந்தச் சேதமும் இல்லாமல் ஓய்வு பெற்றவர் கருப்பையா அண்ணாச்சி. பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த வெண்டை விதையோடு வந்தார். “நீங்க கலக்க வேண்டாம், நானே கலந்துக்கிறேன்” என்றார்.

செம்மண், நார்த்தூள், உரம், கொஞ்சம் கரித்தூள், எல்லாவற்றையும் தரையில் கொட்டினோம். வெடிமருந்திலும் கரித்தூள் சேரும். கரியைப் பார்த்ததும் அண்ணாச்சியின் முகம் மாறிவிட்டது. செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். கடையில் நின்றவர்களை எல்லாம் எட்டப் போகச் சொன்னார். சோலையப்பன் அண்ணன் மண்வெட்டியை எடுத்ததுதான் தாமதம், “ஏலே, இரும்பை அங்கன போடுலே!” என்று ஒரு சத்தம். உரசினால் பொறி வரும் என்று அந்த வேலையில் இரும்பையே தொட மாட்டார்கள். வாசலைப் பார்த்து, எழுந்து ஓடத் தோதாகக் குந்தி உட்கார்ந்துகொண்டார். வெறுங்கையால், குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி கலந்தார். இவ்வளவு சீரான கலவையை நான் அதுவரை பார்த்ததில்லை. விதையை ஊன்றியதும் தொட்டியையே பார்த்துக்கொண்டு இருந்தார். எப்போது முளைக்கும் என்று கேட்டார். ஒரு வாரம் ஆகும் என்றேன். அண்ணாச்சிக்கு நம்பிக்கை வரவில்லை. “நான் கலந்ததெல்லாம் ஒரு நொடியில முடிஞ்சிரும் தாயி. இதுக்கு ஒரு வாரம் காத்துக் கெடக்கணுமாக்கும்?”

ஒரு பிடி

பாண்டீஸ்வரி தாயில்பட்டிக்காரி. வேலை பார்த்த இடத்தில் நடந்த விபத்தில் வலது கை வெந்துவிட்டது. புண் ஆறி, தோல் இழுத்துப் பிடித்து, விரல்கள் பாதி மடங்கியபடியே நின்றுவிட்டன. வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை, கீரை போடலாம் என்று வந்திருந்தாள். எனக்கு இது எதுவும் அப்போது தெரியாது. கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்திருந்தாள். வருகிற எல்லாருக்கும் சொல்கிற பாடத்தை அவளுக்கும் சொன்னேன். “கலவையில ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பாரும்மா. கொழுக்கட்டை மாதிரி நிக்கணும். விரல் இடுக்குல ஒண்ணு ரெண்டு சொட்டுத்தான் வரணும். ஒழுகுனா தண்ணி கூட, உதிர்ந்தாக் குறைச்சல்.” அவள் கையை வெளியே எடுத்துக் காட்டினாள். “எனக்குப் பிடி விழாதுக்கா.”

அவளே மேலே பேசினாள். டாக்டர் ஒரு ரப்பர் பந்து கொடுத்து தினமும் அமுக்கச் சொல்லியிருக்கிறாராம். அமுக்கினால் உயிர் போகிறதாம், பந்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டாளாம். பேசிக்கொண்டே, அலசி வைத்திருந்த நார்த்தூள் தொட்டிக்குள் கையை விட்டாள். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. “மெத்துன்னு இருக்குக்கா. குளுகுளுன்னு” என்றாள். பிறகு தயங்கிக் கேட்டாள், தினமும் வந்து கலந்து கொடுக்கட்டுமா என்று. டாக்டரிடம் கேட்டு வரச் சொன்னேன். டாக்டரும், தோலில் கீறல் இருக்கிற அன்று தொடக்கூடாது, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு எண்ணெய் தடவ வேண்டும் என்று சொல்லி அனுமதித்தார்.

பஸ் ஏறி வந்தாள். இடது கையால் அள்ளுவாள், வலது கையால் பிசைவாள். முதலில் பிசைவது என்பது பெயருக்குத்தான், கையை வைத்து அழுத்துவாள், அவ்வளவுதான். நடுவில் ஒருநாள் தோல் வெடித்து ரத்தம் வந்துவிட்டது. “போதும்க்கா, இது ஆகிற காரியமில்லை” என்று சொல்லிவிட்டுப் போனவள் பல நாள் வரவில்லை. சோலையப்பன் அண்ணன் அவள் உட்காருகிற முக்காலியை எடுத்து ஓரமாகக்கூட வைக்கவில்லை, அதைச் சுற்றிக்கொண்டே நடந்தார். ஒரு காலையில் வந்து, அதே முக்காலியில் உட்கார்ந்து பிசையத் தொடங்கினாள்.

பட்டாசு சீசன் முடிந்து, மழை தொடங்கி, ஊரே விதை போடுகிற நேரம். கடையில் நல்ல கூட்டம். நான் ஒருவருக்குப் பை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு சத்தம். திரும்பினேன். பாண்டீஸ்வரி வலது கையை உயரத் தூக்கிப் பிடித்திருந்தாள். விரல்கள் மூடியிருந்தன. நாலு விரல் இடுக்கிலிருந்தும் தண்ணீர் ஒழுகி முழங்கை வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. சோலையப்பன் அண்ணன் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். நானும் நின்றேன். கையைக் கவனிக்காத ஒரே ஆள் அவள்தான். அண்ணனைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள்: “ஊறப் போடச் சொன்னா குளத்துல முக்கினாப்புல வச்சிருக்கீகளேண்ணே! பிழிஞ்சா எம்புட்டுத் தண்ணி வருது பாருங்க!”

மங்காத கலர்

இப்போது பாண்டீஸ்வரியும் எங்களோடு வேலை பார்க்கிறாள். தொட்டியில் செடி ஏன் வளரவில்லை என்று யாராவது கூப்பிட்டால், அவளும் நானும் போய்ப் பார்த்துச் சொல்வோம். அப்படிக் கூப்பிட்டவர்களில் ஒருவர், என்னோடு அச்சகத்தில் வேலை பார்த்த ஜெயபாண்டி. காகிதமும் மக்கி உரமாகும் என்று நான் எப்போதோ சொல்லியிருக்கிறேன். சாதாரணக் காகிதம் என்று சொன்ன பாதி அவர் காதில் விழவில்லை. கழித்துப் போட்ட காலண்டர் படங்களை, வழவழவென்று பளபளக்கிற கனத்த தாளை, கீற்றுக் கீற்றாக வெட்டி, பையில் பாதிக்கு அதையே நிரப்பிக் கத்தரிச் செடி வைத்துவிட்டார்.

செடி வைத்த உயரத்திலேயே நின்றது, மேலே ஒரு விரல்கடை ஏறவில்லை. பாண்டீஸ்வரி பையைக் கவிழ்த்துப் பிரித்தாள். உள்ளே தாள்கள் அடுக்கு அடுக்காக ஒட்டிக்கொண்டு, நடுவில் தண்ணீர் தேங்கி, நாற்றம் தாங்க முடியவில்லை. வேர் போக வழியில்லாமல் அழுகிக் கிடந்தது. ஜெயபாண்டி மனம் உடைந்துபோவார் என்று நினைத்து, ஆறுதல் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவர் ஒரு கீற்றை எடுத்துத் தண்ணீரில் அலசி, வெயிலில் தூக்கிப் பிடித்தார். அதில் பாதி மயில் இருந்தது. அவருடைய முகமெல்லாம் பூரிப்பு. “பாத்தீகளாக்கா? இம்புட்டு மாசம் சகதிக்குள்ள கெடந்தும் கலர் ஒரு பொட்டு மங்கலையே. எங்க பிரிண்டிங்கு அப்படி!”

செடி பட்டுப்போனால் என் கலவை சரியில்லை, தழைத்துவிட்டால் அது அவர்களுடைய கைராசி என்கிற ஒரே சட்டத்தில்தான் எங்கள் கடை இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.